உட்கார்ந்தாரா, விழுந்தாரா: டெப்த் கேமராவில் உடல் அசைவைக் கண்டறிவது எப்படி

டெப்த் கேமரா ஒவ்வொரு பிக்சலிலும் நிறத்துக்குப் பதில் தூரத்தைத் தருகிறது. அந்தத் தூரப் படத்திலிருந்து தலை, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று மூட்டுகள் இருக்கும் இடங்களை ஒரு மென்பொருள் முப்பரிமாணத்தில் பிடித்துக் கொடுக்கும். அந்தப் புள்ளிகளை நொடிக்கு 30 தடவை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஆள் உட்காருகிறாரா, எழுகிறாரா, குனிகிறாரா, விழுகிறாரா என்று கண்டுபிடிக்கலாம். ஆய்வகத்தில் அருமையாக ஓடிய புரோகிராம் வேறொரு அறையில், வேறொரு ஆளின் முன்னால் உளற ஆரம்பிப்பது இந்த வேலையில் சகஜம். அதற்கு மாடல், அதாவது பதிவுகளிலிருந்து அசைவுகளைக் கற்றுக்கொண்ட நிரல், காரணமாக இருப்பது அபூர்வம். கேமரா சாய்ந்த கோணம், புள்ளிகளைச் சீராக்கிய முறை, சோதித்த விதம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும். அதனால் இந்தக் குறிப்பில் அவற்றுக்கே அதிக இடம்.

வயதானவர் தனியாக இருக்கும் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தெரிய வேண்டியவை: நிற்றல் அல்லது நடத்தல், உட்காருதல், எழுதல், குனிந்து ஒன்றை எடுத்தல், விழுதல். இந்த ஐந்தோடு ‘மற்றவை’ என்று ஆறாவது வகை கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் கொட்டாவி விட்டுக் கையைத் தூக்கினாலும் மாடல் ஐந்தில் ஒன்றைத்தான் சொல்லும். வேறு பதில் அதற்குக் கற்றுத்தரப்படவில்லையே. செருப்பு மாட்டுவது, பெருக்குவது, போர்வை மடிப்பது, கட்டிலுக்கடியில் எட்டிப் பார்ப்பது எல்லாம் ‘மற்றவை’யில் சேரும். மீதி ஐந்துக்கும் சேர்த்து எவ்வளவு பதிவு இருக்கிறதோ, அதற்குக் குறையாமல் இந்த ஒன்றுக்கு வேண்டும்.

கேமரா

2010 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 விளையாட்டுக் கருவிக்கு வந்த மைக்ரோசாஃப்டின் கினெக்ட் கேமராதான் இந்தத் துறையை மலிவாக்கியது. புள்ளிக் கோலம் ஒன்றை அகச்சிவப்பில் வீசி, அது வளைவதை வைத்துத் தூரம் கணக்கிட்டது. 20 மூட்டுகள் தந்தது. அடுத்து வந்த கினெக்ட் 2, ஒளி போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் வகை. 512×424 பிக்சல், 25 மூட்டுகள், ஒரே நேரத்தில் ஆறு பேர். அஷ்யூர் கினெக்டில் மூட்டுகள் 32 ஆயின. 2023 அக்டோபரில் அதன் விற்பனையை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. இன்று புதிதாக வாங்குபவருக்கு ஆர்பெக் ஃபெம்டோ போல்ட் பொருந்தும். அதே டெப்த் தொழில்நுட்பம், மூட்டுகளைப் பிடித்துத் தரும் அஷ்யூர் கினெக்டின் பாடி டிராக்கிங் மென்பொருளும் (டிராக்கர்) ஓர் இடைநிரல் வழியாக அதில் ஓடும். அந்த டிராக்கருக்கு என்விடியா போன்ற நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். சிபியு-வில் ஓடும், ஆனால் நொடிக்கு 30 ஃபிரேம் (படம்) என்பது கனவில்தான். பழைய கினெக்ட் 2 மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுப்பவர்கள், கணினியோடு இணைக்கும் அடாப்டரும் கூடவே வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதன் தயாரிப்பும் நின்று பல வருடம் ஆகிறது.

இன்னொரு வழி, ரியல்சென்ஸ் டி435 போன்ற இரட்டைக்கண் கேமரா. அதோடு எலும்புக்கூடு, அதாவது மூட்டுப் புள்ளிகளின் தொகுப்பு, கண்டறியும் மென்பொருள் வராது. நிறப்படத்தில் மீடியாபைப் போன்ற மென்பொருள் ஒன்றை ஓட்டி 33 புள்ளிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் டெப்த் படத்திலிருந்து தூரத்தைப் படிக்க வேண்டும். இங்கே மூன்று கண்ணிகள் உண்டு. முதலாவது, டெப்த் படத்தை நிறப்படத்தோடு பொருத்திய பிறகே படிக்க வேண்டும். இரண்டு லென்ஸும் ஒரே இடத்தில் இல்லை. இரண்டாவது, மணிக்கட்டு மாதிரி மெல்லிய இடத்தில் ஒரு பிக்சல் தவறினால் பின்னாலுள்ள சுவரின் தூரம் வந்துவிடும். ஆகவே 7×7 பிக்சல் கட்டத்தின் இடைநிலை அளவை எடுங்கள். அதிலும் பூஜ்யங்களை முதலில் கழித்துவிடுங்கள். பூஜ்யம் என்றால் ‘அளவு கிடைக்கவில்லை’ என்று அர்த்தம், தூரம் பூஜ்யம் என்றல்ல. மூன்றாவது, உடலுக்குப் பின்னால் மறைந்த கைக்கு, உடலின் தூரம்தான் கிடைக்கும். அதை அப்படியே நம்பினால் கை வயிற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

எங்கே, எப்படி வைப்பது

அஷ்யூர் கினெக்ட், ஃபெம்டோ போல்ட் இரண்டிலும் குறுகிய கோணப் பயன்முறையை முழுத் தெளிவில் எடுங்கள்: 640×576 பிக்சல், 75 பாகை அகலம், 65 பாகை உயரம், 0.5 முதல் 3.86 மீட்டர் வரை. 65 பாகைக்கு 2 மீட்டர் தூரத்தில் தெரியும் உயரம் சுமார் 2.5 மீட்டர். கை தூக்கிய ஆள் 2.1, 2.2 மீட்டர் வரை வருவார். எனவே ஆள் நடமாடும் இடம் கேமராவிலிருந்து 2 முதல் 3.5 மீட்டருக்குள் இருக்குமாறு அமையுங்கள். படத்தின் நான்கு மூலைகளிலும் தூரம் சரியாக வராது. கட்டில் மூலையில் விழும்படி வைக்க வேண்டாம்.

உயரம் 1.5 முதல் 2 மீட்டர், சாய்வு 10 முதல் 20 பாகை. இன்னும் தாழ்வாக வைத்தால் நாற்காலியும் மேஜையும் கால்களை மறைக்கும். கூரையில் ஒட்டி நேர் கீழே பார்க்க வைத்தால் தோள் முழங்காலை மறைக்கும். டிராக்கரும் அந்தக் கோணத்தில் தடுமாறும்.

ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். இந்தக் கேமராக்கள் 850 நானோமீட்டர் பக்கத்து அகச்சிவப்பில் வேலை செய்கின்றன, வெயிலில் அது ஏராளம். கண்ணாடி, பளபளக்கும் டைல்ஸ், எவர்சில்வர் பீரோ ஆகியவை ஒளியை வேறெங்கோ திருப்பிவிடும். சுவர் மூலையில் ஒளி இரண்டு தடவை எதிரொளித்து மூலை வளைந்து தெரியும். கறுப்புத் துணியும் அடர்ந்த கருங்கூந்தலும் ஒளியை விழுங்குவதால் அந்த இடம் ஓட்டையாகும். ஒரே அறையில் இரண்டு கேமரா வைத்தால் ஒத்திசைவுக் கேபிளால் இணைத்து, ஒன்றன் ஒளித்துடிப்பை மற்றதிலிருந்து 160 மைக்ரோநொடியாவது தள்ளி அமைக்க வேண்டும். இல்லையேல் ஒன்றின் வெளிச்சத்தை மற்றது அளக்கும்.

உடை விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேலை, வேட்டி, லுங்கி, நைட்டி அணிந்தவரின் முழங்காலை டெப்த் கேமரா பார்ப்பதே இல்லை, துணியின் வெளிப்பரப்பைத்தான் பார்க்கிறது. முழங்கால் புள்ளி ஓர் ஊகமாகவே வரும். பேன்ட் போட்ட மாணவர்களை மட்டும் பதிவு செய்து பயிற்சி கொடுத்த மாடல், பாட்டி வீட்டில் ‘எழுதல்’ என்பதைத் தவறவிடுவதற்கு இதுவே போதுமான காரணம். பயன்படுத்தப் போகிறவர்கள் உடுத்தும் உடையிலேயே பதிவு செய்யுங்கள்.

பதிவும் லேபிளும்

டெப்த் படத்தையே கோப்பாகப் பதிவு செய்து, டிராக்கரைப் பிறகு ஓட்டுங்கள். நேரடியாக எலும்புக்கூட்டை மட்டும் சேமித்தால், டிராக்கரின் புதுப் பதிப்பு வரும்போது எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டிவரும். பதினைந்து பேர், ஒவ்வொருவரும் ஒவ்வோர் அசைவையும் பத்து தடவை, மூன்று திசைகளைப் பார்த்து: தொடக்கத்துக்கு இது போதும். ஒரே ஆளிடம் நூறு தடவை எடுப்பதை விட இது பல மடங்கு மதிப்புள்ளது. விழுதலைத் தடித்த மெத்தை மேல் இளையவர்கள்தான் நடிக்க வேண்டும். நடிப்பவர் தம்மை அறியாமல் கையை முன்னால் ஊன்றுவார் என்பதை நினைவில் வையுங்கள்.

லேபிள் போடும்போது, அதாவது பதிவில் எது எந்த அசைவு என்று குறிக்கும்போது, அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் ஒரே விதியால் குறியுங்கள். ‘எழுதல்’ எங்கே தொடங்குகிறது? உடல் முன்னால் சாயத் தொடங்கும்போதா, இடுப்பு இருக்கையை விட்டு எழும்போதா? எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் லேபிள் போடும் இருவரும் ஒன்றையே எடுக்க வேண்டும். இருவரும் ஒரே பத்துப் பதிவைத் தனித்தனியாகக் குறித்து ஒப்பிட்டால் பிசகு உடனே தெரியும்.

புள்ளிகளைச் சுத்தம் செய்தல்

டிராக்கர் ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு நம்பிக்கை அளவும் தருகிறது. அஷ்யூரில் ‘குறைவு’ என்று வந்தால் மூட்டு மறைந்திருக்கிறது, ஊகித்துச் சொல்கிறது என்று பொருள். கினெக்ட் 2-இல் ‘ஊகித்தது’ என்ற நிலை. 5 ஃபிரேமுக்குள் உள்ள இடைவெளியை நேர்கோட்டில் நிரப்புங்கள். அதற்கு மேல் போனால் நிரப்பாமல், ‘இல்லை’ என்ற அடையாளத்தையும் மாடலுக்கே கொடுங்கள்.

நேரமுத்திரையை, அதாவது ஃபிரேம் எடுத்த நேரத்தின் குறிப்பை, பார்க்காமல் ஃபிரேம் எண்ணை மட்டும் நம்பக்கூடாது. கார்டு திணறும்போது ஃபிரேம்கள் சத்தமில்லாமல் விழுந்துவிடும். நொடிக்கு 30 என்று வைத்துக் கணக்கிட்ட வேகமெல்லாம் இரட்டிப்பாகும். கேமரா தரும் நேரமுத்திரையை வைத்துச் சீரான 30-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இடம் வலம் மாறுவது இன்னொரு தொல்லை. ஆள் முதுகைக் காட்டினால் சில டிராக்கர்கள் அவர் முன்னால் பார்க்கிறார் என்று நினைத்து இடது கையை வலது என்று சொல்லும். ஒரே ஃபிரேமில், அதாவது 33 மில்லிநொடியில், இடுப்பு 180 பாகை திரும்பியதாக வந்தால் அது மனிதனால் ஆகாத காரியம். முந்தைய ஃபிரேமிலிருந்து மூட்டுகள் நகர்ந்த மொத்தத் தூரத்தை இருந்தபடியும், இடம் வலம் மாற்றியும் கணக்கிடுங்கள். எது குறைவோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நடுக்கம். அசையாமல் நிற்பவரின் மணிக்கட்டும் ஃபிரேமுக்கு ஃபிரேம் 5 மி.மீ. ஆடலாம். அற்பமாகத் தெரிகிறதல்லவா? அடுத்தடுத்த இரண்டு ஃபிரேமைக் கழித்து வேகம் எடுத்தால் அது நொடிக்கு 150 மி.மீ. ஆகிவிடும், சும்மா நிற்பவர் கை வீசுகிறார் என்று கணக்கு சொல்லும். இரண்டு ஃபிரேம் முன்னும் இரண்டு ஃபிரேம் பின்னும் உள்ள நிலைகளைக் கழித்து 4/30 நொடியால் வகுத்தால் அதே பிழை 38 மி.மீ.க்கு அடங்கும். முடுக்கத்தைத் தொடவே வேண்டாம்.

வடிகட்டுவதற்கு ஒன் யூரோ ஃபில்டர் நல்லது. மெதுவான அசைவில் அதிகம் மழுங்கடிக்கும், வேகமான அசைவில் விட்டுவிடும். வேகத்துக்கேற்ப எவ்வளவு விட வேண்டும் என்பதைச் சொல்லும் எண் பீட்டா. குறைந்தபட்ச அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ், பீட்டா பூஜ்யம் என்று தொடங்கி, கையை வீசும்போது புள்ளி பின்தங்குவது நிற்கும் வரை பீட்டாவைக் கூட்டுங்கள். பீட்டா வேகத்தோடு பெருக்கப்படுவதால், மீட்டரில் சரிசெய்த மதிப்பை மில்லிமீட்டர் தரவில் போட்டால் ஆயிரம் மடங்கு பிசகும். இன்னொன்று: பதிவான தரவில் முன்னும் பின்னும் ஓட்டி வடிகட்டும் வசதி உண்டு, தாமதமே இருக்காது. ஆனால் நேரலையில் எதிர்காலம் கையில் இல்லை. எந்த வடிகட்டி நேரலையில் ஓடுமோ அதையே பயிற்சித் தரவிலும் ஓட்டுங்கள்.

சீராக்கம்: இங்கேதான் பாதி வேலை

கேமராவின் அச்சில் வரும் எண்களை அப்படியே பயன்படுத்தினால் என்ன ஆகும்? கேமரா 15 பாகை கீழே சாய்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஆள் கேமராவை நோக்கி ஒரு மீட்டர் நடந்து வந்தால், 15 பாகையின் சைன் 0.26 என்பதால், அவர் இடுப்பு 26 செ.மீ. தாழ்ந்ததாகக் கணக்கில் விழும். உண்மையாகவே நாற்காலியில் உட்கார்ந்தால் தாழ்வது 35 முதல் 40 செ.மீ. நடப்பதும் உட்காருவதும் குழம்புவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

எனவே முதல் வேலை, ‘மேல்’ என்பது எது என்று கண்டுபிடிப்பது. அஷ்யூரிலும் ஃபெம்டோவிலும் முடுக்கமானி உள்ளேயே இருக்கிறது. கேமரா அசையாதபோது அது ஈர்ப்பின் திசையைத் தரும். அந்த மானிக்கும் டெப்த் லென்ஸுக்கும் அச்சுகள் வேறு, ஒன்றின் அச்சை மற்றதற்கு மாற்ற மென்பொருளில் உள்ள அணியை (மேட்ரிக்ஸ்) மறக்காமல் பயன்படுத்துங்கள். அது இல்லாத கேமராவில் தரைப் பிக்சல்களுக்கு ஒரு தளத்தைப் பொருத்தி எடுக்கலாம். கூடவே ஒன்றைப் பாருங்கள்: கினெக்ட் 2-இல் ஒய் அச்சு மேல்நோக்கி, அலகு மீட்டர், அஷ்யூரில் ஒய் கீழ்நோக்கி, அலகு மில்லிமீட்டர். இரண்டின் தரவையும் கலந்து பயிற்சி கொடுப்பவர்கள் இங்கே சறுக்குவார்கள்.

அடுத்து, எல்லா மூட்டுகளிலிருந்தும் இடுப்பு நடுப்புள்ளியைக் கழியுங்கள். ஆள் அறையில் எங்கே நின்றாலும் ஒரே வடிவம் வரும். பிறகு செங்குத்து அச்சைச் சுற்றி மட்டும் திருப்பி, இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்குப் போகும் கோடு எக்ஸ் அச்சில் படியும்படி செய்யுங்கள். உயர வித்தியாசத்தைப் போக்க, முதுகுத்தண்டின் நீளத்தால் வகுங்கள். அந்த நீளத்தை ஒரு ஃபிரேமில் எடுக்காமல், அந்த ஆளின் சில நொடிகளின் இடைநிலை அளவாக எடுங்கள்.

இதில் அளவுக்கு மீறிச் சீராக்கினால் தேவையானதே தொலையும். பல பயிற்சிக் குறிப்புகள் முதுகுத்தண்டையும் செங்குத்தாக நிமிர்த்தச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் தரையில் நீட்டிப் படுத்திருப்பவரும் நேராக நிற்பவரும் ஒரே உருவம்தான். விழுதலைக் கண்டுபிடிக்கக் கிடைத்த முக்கியத் தடயத்தை நாமே அழித்துவிடுகிறோம். அதே போல இடுப்பைக் கழித்ததும் உயரம் போய்விடுகிறது. ஆகவே தரையிலிருந்து இடுப்பின் உயரத்தையும் தலையின் உயரத்தையும் தனி எண்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ் அச்சுக்குத் திருப்புவதையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் செய்யாமல், விண்டோவின் (மாடல் ஒரே தடவையில் பார்க்கும் ஃபிரேம் தொகுதியின்) முதல் ஃபிரேமில் கண்ட கோணத்தையே மீதிக்கும் போடுங்கள். இல்லாவிட்டால் ஆள் திரும்பியதே தெரியாமல் போகும்.

எந்த எண்களை மாடலுக்குக் கொடுப்பது

விரல் நுனி, கண், காது எல்லாம் இந்த வேலைக்குத் தேவையில்லை. அவை நடுக்கத்தைத்தான் கூட்டும். தலை, கழுத்து, முதுகு, இடுப்பு, தோள்கள், முழங்கைகள், மணிக்கட்டுகள், முழங்கால்கள், கணுக்கால்கள் போதும்.

முழங்கால் கோணம்: முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஒரு வெக்டர், கணுக்காலுக்கு ஒரு வெக்டர். இரண்டின் புள்ளிப் பெருக்கலை நீளங்களால் வகுத்து, தலைகீழ் கொசைன் எடுங்கள். வகுத்து வரும் எண்ணை −1-க்கும் 1-க்கும் இடையில் வெட்டிவிடுங்கள், தசமப் பிசகில் 1.0000001 வந்தால் கணக்கு முறிந்துவிடும். நேராக நிற்பவருக்கு 180 வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். புள்ளி எந்தப் பக்கம் விலகினாலும் கோணம் குறையத்தான் செய்யும், அதனால் 170-ஐ ஒட்டித்தான் நிற்கும். எல்லைக் கோட்டை 175-இல் வைத்தால் யாரும் நிற்கவே மாட்டார்கள்.

45 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுவதைப் பாருங்கள். முதலில் இடுப்பு உயரம் 0.55 மீட்டர் அளவில் அசையாது. முழங்கால் 90 பாகை. உடல் மட்டும் முன்னால் சாய்கிறது. அடுத்து இடுப்பு எழும்பும்போது முதுகு இன்னும் சாய்ந்தே இருக்கிறது. கடைசியில் முதுகும் முழங்காலும் சேர்ந்து நிமிர்ந்து இடுப்பு 0.9 மீட்டருக்கு வருகிறது. குனிந்து எடுப்பவருக்கும் முதுகு அதே அளவு சாயும், ஆனால் இடுப்பு அவ்வளவு தாழாது. ஆகவே முதுகின் சாய்வையும் இடுப்பு உயரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரண்டும் பிரியும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எடுப்பவர் இந்தக் கணக்கை உடைப்பார். அவரையும் பதிவில் சேருங்கள்.

மாடல்

1.5 நொடி விண்டோ, அதாவது 45 ஃபிரேம். 5 ஃபிரேமுக்கு ஒரு தடவை நகர்த்துங்கள். ஒவ்வொரு கோணம், உயரம், வேகத்துக்கும் குறைந்தது, கூடியது, சராசரி, திட்டவிலக்கம், கடைசி கழித்தல் முதல் என்று ஐந்து எண்கள் எடுத்து, பல முடிவு மரங்களின் வாக்கைச் சேர்த்து முடிவெடுக்கும் ரேண்டம் ஃபாரஸ்டில் கொடுங்கள். பதினைந்து பேர் தரவுக்கு இது போதும். எந்த எண் முக்கியம் என்பதையும் அது சொல்வதால் பிழை தேடுவது சுலபம். இதை முதலில் ஓட்டிப் பார்க்காமல் நியூரல் நெட்வொர்க்குக்குப் போவது வீண் செலவு.

தரவு ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு 2018-இல் வந்த எஸ்டி-ஜிசிஎன் வகைக்குப் போகலாம். மூட்டுகளை முடிச்சுகளாகவும் எலும்புகளை இணைப்புகளாகவும் வைத்து, அடுத்தடுத்த ஃபிரேம்களையும் இணைத்துக் கற்கும் மாடல் அது. என்டியூ ஆர்ஜிபி+டி என்ற பொதுத் தரவுத்தொகுப்பில் 40 பேர், 60 அசைவுகள், 56,880 பதிவுகள், எல்லாம் கினெக்ட் 2-இல் எடுத்தவை. அதில் முன்பயிற்சி கொடுத்து, பிறகு உங்கள் தரவில் தீட்டலாம். அதில் சில நூறு பதிவுகளில் எலும்புக்கூடு குறையாக இருக்கிறது. அவற்றின் பட்டியலும் கூடவே கிடைக்கும், முதலில் நீக்கிவிடுங்கள். அஷ்யூரின் 32 மூட்டுகளை அதன் 25-க்கு இணையாக ஒழுங்கு மாற்றுவதும் உங்கள் பொறுப்பு.

தரவைப் பெருக்க: செங்குத்து அச்சில் ±30 பாகை திருப்புதல், வேகத்தை 0.8 முதல் 1.2 மடங்கு மாற்றுதல், கண்ணாடிப் பிம்பம். பிம்பம் எடுக்கும்போது எக்ஸ்-இன் குறியை மட்டும் மாற்றினால் போதாது, இடது வலது மூட்டுகளின் வரிசையையும் இடம் மாற்ற வேண்டும்.

சோதனை

விண்டோக்களைக் குலுக்கிப்போட்டு பயிற்சிக்கு 80, சோதனைக்கு 20 சதவீதம் என்று பிரிக்காதீர்கள். 45 ஃபிரேம் விண்டோ 5 ஃபிரேம் நகர்ந்தால் பக்கத்து விண்டோவோடு 40 ஃபிரேம் பொதுவாக இருக்கும். பயிற்சியில் பார்த்ததையே தேர்விலும் கேட்டால் 99 சதவீதம் வருவதில் அதிசயம் என்ன? ஒவ்வோர் ஆளாக வெளியே வைத்து, மற்றவர்களில் பயிற்சி கொடுத்து, அவரிடம் சோதியுங்கள். எஸ்டி-ஜிசிஎன் என்டியூ தொகுப்பில் புதிய கேமராக் கோணத்தில் 88.3 சதவீதமும், புதிய ஆட்களிடம் 81.5 சதவீதமும்தான் எடுத்தது. கோணம் மாறுவதை விட ஆள் மாறுவதுதான் அதற்குக் கடினமாக இருந்தது.

சதவீதமும் ஏமாற்றும். 5 ஃபிரேமுக்கு ஒரு முடிவு என்றால் நொடிக்கு 6, நாளுக்கு 5,18,400 முடிவுகள். 99.9 சதவீதம் சரி என்றாலும் நாளுக்கு 518 தவறு. அத்தனையும் ‘விழுந்தார்’ என்று அலறினால் மறுநாளே யாரோ பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள். ஆகவே நிஜமான அறையில், வழக்கமான நடமாட்டத்தில் சில நாள் ஓடவிட்டு, ஒரு நாளில் எத்தனை பொய் எச்சரிக்கை என்று எண்ணுங்கள். அந்த எண்தான் உண்மையான மதிப்பெண்.

நேரலையில்

ஒரே விண்டோவின் முடிவை நம்பாமல், தொடர்ந்து நான்கில் மூன்று ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்ளுங்கள். நிலைகளுக்கு ஒழுங்கும் உண்டு: உட்காராதவர் எழ முடியாது. அதை விதியாக மேலே போட்டாலே நிறைய உளறல் அடங்கும். டிராக்கர் ஆளைத் தொலைத்துவிட்டுப் புது எண் கொடுத்தால் அவருடைய விண்டோவைக் காலி செய்யுங்கள்; இல்லையேல் இரண்டு பேரின் அசைவு ஒரே விண்டோவில் ஒட்டும்.

விழுதலில் வேகத்தை மட்டும் நம்பக்கூடாது. சோபாவில் தொப்பென்று உட்காருபவர் வேகமாகத்தான் இறங்குவார். சுவரைப் பிடித்துச் சரிந்து விழும் முதியவரோ மெதுவாக இறங்குவார். தரையை ஒட்டிய இடுப்பு உயரம், அங்கேயே பத்துப் பதினைந்து நொடி கிடப்பது, அதன்முன் இறங்கிய விதம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தரையில் கிடப்பவருக்கும் தரைக்கும் தூர வித்தியாசம் சில செ.மீ.தான் என்பதால், டிராக்கர் ஆளையே தொலைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். அப்போது ‘ஆள் இல்லை’ என்று புரோகிராம் அமைதியாகிவிடக்கூடாது. கடைசியாகப் பார்த்தபோது இடுப்பு கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது, இடம் வாசலோ படத்தின் ஓரமோ அல்ல என்றால், அதையே விழுதலாக எடுத்துக்கொண்டு எச்சரிக்கை அனுப்புங்கள்.